ஃபேன் நின்ற நாளும் ஸேஃப்லி சாரும்

ஸேஃப்லி சாரைப் போல மனுஷனைக் கடுப்பேற்றக்கூடியவர் ஒரகடத்தில் இன்னொருவர் பிறக்கவே இல்லை. கம்பெனி கேட்டில் படுத்திருக்கும் நாய்கூட அவர் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடும். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் அவர். ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில்தான் போகவேண்டும். அதில் யாராவது வெறுமனே ‘அஸ்யூம்’ என்று எழுதிவிட்டால் போச்சு.

“எப்படி அஸ்யூம் பண்ணே? கண்ணால பாத்துட்டு நெனச்சியா? ஸேஃப்லி போடு. உன் எடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் நெனப்பானா? ரீசனப்லி. ஒண்ணுமே பாக்கலியா? பிளைண்ட்லி. வெறும் அஸ்யூமை அம்போன்னு வுட்டுட்டுப் போவாதய்யா.”

அதனாலேயே நாங்கள் வைத்த பெயர்தான் ஸேஃப்லி சார். கேன்டீனிலும் விடமாட்டார். “சாம்பார்ல உப்பு இருக்கும்னு நெனச்சேன் சார்” என்றேன் ஒருநாள். “பிளைண்ட்லி” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தார். குன்றத்தூரிலிருந்து அவர் மனைவி போன் செய்து, “சாப்பாட்டுக்கு வந்துருவீங்கன்னு நெனச்சேன்” என்றால், “எதை வச்சு நெனச்சே?” என்பார். அந்த அம்மா எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பிரஸ் மெஷினுக்கும் பக்கத்தில் நின்ற பெரிய ஃபேனுக்கும் ஒரே ஸ்விட்ச். ஃபேன் நின்றால் மெஷினில் கரண்ட் இல்லை. மெஷின் விளக்கை எவனும் பார்ப்பதில்லை. சூப்பர்வைசரே ஃபேனைத்தான் பார்ப்பார். ஒருநாள் மெயின்டனன்ஸ்காரர்கள் ஃபேனின் வயரை மட்டும் வேறு ஸ்விட்சுக்கு மாற்றினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று தகடு சிக்கி மெஷின் நின்றது, அதே நேரம் அந்த வேறு ஸ்விட்சை யாரோ அணைக்க ஃபேனும் நின்றது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி முருகன், தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டான். மெஷின் இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

“ஃபேன் நின்னுட்டுல்லா சார்... ஃபேன் நின்னுட்டுல்லா...” என்று ஆம்புலன்ஸ் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மேனேஜரே ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டு வந்தார். மெஷின் ஆஃப் ஆகிவிட்டதாக ஆபரேட்டர் ‘ராங்லி அஸ்யூம்’ செய்தாராம். அப்படிப் போனால் தப்பு முழுக்க முருகன் தலையில். வேலை போய்விடும், நஷ்டஈடும் இழுபறிதான். ஸேஃப்லி சார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

“ரீசனப்லின்னு மாத்துங்க சார்.”

“இன்னாய்யா, ஒரு வார்த்தைக்கு இம்மாம் ரகளை? அவன் நெனச்சது தப்புதானே?”

“தப்பாப் போச்சு சார். ஆனா நியாயமாத்தான் நெனச்சான். நானும் ஃபேனைத்தான் பாப்பேன். நீங்களும்தான்.”

இத்தனை நாள் அவரைக் கிண்டல் செய்த நாங்கள் யாரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ரிப்போர்ட் வேறொரு இன்சார்ஜின் கையெழுத்தோடு, ‘ராங்லி’யோடே போனது. முருகனுக்கு வேலை போயிற்று. அவனை ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனவர் ஸேஃப்லி சார் ஒருவர்தான். கொஞ்ச நாளில் அவர் நாற்காலியும் காலியானது. காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் நம்பருக்கு அடித்தால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

ரெண்டு பேரும் எங்கேயோ நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். எதை வச்சு நெனச்சே என்று அவர் கேட்டால், காட்ட என் கையில் ஒன்றுமில்லை. ஆசைப்பட்டு நினைக்கிறேன் சார், அவ்வளவுதான்.