நாற்பத்தெட்டு மணித்தியால நெகட்டிவ்

மாற்றுக் கோல் காப்பாளரைப் போல நிம்மதியான மனிதன் உதைபந்தாட்டத்தில் கிடையாது. அணியின் சட்டை கிடைக்கும். படத்தில் நிற்கலாம். வென்றால் கத்தலாம், தோற்றால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கலாம். பந்து மட்டும் பக்கத்தில் வராது. இத்தாலியின் பலெர்மோ நகரில் பொறியியல் படித்தபோது எங்கள் பீடத்து அணியில் நான் வகித்த பதவி அதுதான். முதல் கோல் காப்பாளன் ஜுசெப்பே கதவைப் போல அகலமானவன், தடிமன், காய்ச்சல்கூட வராத உடம்பு. ஆகவே என் எதிர்காலம் பெஞ்சில் பத்திரமாக இருந்தது.

கொரோனாவின் இரண்டாவது குளிர்காலத்தில் பீடங்களுக்கிடையிலான போட்டி மீண்டும் தொடங்கியது. அமைப்பாளர்கள் ஒரு விதி வைத்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் ஃபோனில் சான்றைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். போடாதவர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, நெகட்டிவ் என்று எழுதி வாங்கி வர வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஆயுள் நாற்பத்தெட்டு மணித்தியாலம். எங்கள் அணியில் ஊசி போடாத ஒரே ஆள் நான்.

காரணம் கேட்டால் அம்மாவைக் காட்டுவேன். “இளம் பொடியளுக்கு நெஞ்சு வீங்குதாம் மகன், கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்” என்று அம்மா சொல்லியிருந்தா. கோவிலடியில் யாருடையவோ ஃபோனில் வந்த செய்தி அது. அம்மா தானும் போட்டுக்கொள்ளவில்லை. “எனக்குப் பிறஷர் இருக்கு. உள்ள வருத்தம் காணாதெண்டு ஊசியும் ஏத்துறதோ?” அப்பா மட்டும், வியா மக்வேதா தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை என்பதால், முதலாளி சொன்ன அன்றே போட்டுவிட்டு வந்தார். (உண்மையில் ஊசியைக் கண்டால் என் கால் இரண்டும் கூழாகிவிடும். அதை வெளியே சொல்வதைவிட, “அம்மா விடமாட்டா” என்பது கௌரவமாக இருந்தது.)

அம்மா ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலியச் சீமாட்டியை, பராமரிக்கும் வேலைக்குப் போய்வந்தா. அந்த வேலைக்கும் நெகட்டிவ் சீட்டு வேண்டும். ஆகவே தாயும் மகனுமாக ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக்கடை வரிசையில் நின்று மூக்கைக் கொடுப்போம். ஒருநாள் மருந்துக்கடைக்காரி கேட்டா: “நீ எந்த இடத்தில் விளையாடுகிறாய்?”

“பெஞ்சில்.”

“பெஞ்சில் உட்காரவா இந்தக் குச்சி?”

அம்மா என் முழங்கையைத் தட்டினா. “என்னவாம்?”

“நல்லா விளையாடட்டாம்.”

அரையிறுதிக்கு முதல் நாள் பின்னேரம் அணித்தலைவன் சால்வோ ஃபோன் எடுத்தான். “ஜுசெப்பேவுக்குப் பாஸிட்டிவ். நாளைக்கு நீதான்.”

“நானா?”

“வேறு ஒருவன் இருந்தால் உன்னைக் கூப்பிடுவேனா?”

அன்று காலைதான் சோதித்திருந்தேன். நெகட்டிவ் சீட்டுக் கையில் இருந்தது. அம்மாவுக்குச் செய்தி சொன்ன கொஞ்ச நேரத்திலேயே, பலெர்மோவில் இருக்கும் எங்கள் ஊர் மன்னார்க்காரர் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டது. “என்ரை மகன்தான் நாளைக்குக் கோலுக்கை நிக்கிறான். ஓம், விதிப்படி சோதிச்சுத்தான் விடுகினம்!”

மறுநாள் பிரான்காச்சோ பக்கம் இருந்த மைதானத்துக்குப் பஸ்ஸில் போகும்போதே உடம்பு நடுங்கியது. தொண்டை வறண்டது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு முழு ஆட்டம் ஆடப்போகிறவனுக்கு நடுக்கம் வராதா? பயம் என்று நினைத்தேன். வாசலில் சால்வோ என் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தான். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த நெற்றியில் வெப்பமானி காட்டிய குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “உனக்கு உயிர் இருக்கிறதா?” என்று சிரித்தான். சீட்டைப் பார்த்தான். தோளில் தட்டி உள்ளே விட்டான்.

எதிரணி சட்ட பீடம். முதல் கோல் என் கால்களுக்கு நடுவே போனது. இரண்டாவதற்கு நான் வலப்பக்கம் பாய்ந்தேன், பந்து இடப்பக்கம் போனது. மூன்றாவது வரும்போது பந்து இரண்டாகத் தெரிந்தது. (அதில் ஒன்றைப் பிடித்தேன்.) எங்கள் பயிற்சியாளரை எல்லோரும் ‘மிஸ்டர்’ என்போம். மிஸ்டர் முதலில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார், பிறகு கடவுள்களின் பெயரைச் சொல்லிக் கத்தினார், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு என் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏழாவது கோலுக்குப் பிறகு நானும் புல்லில் உட்கார்ந்தேன். எழும்ப முடியவில்லை.

அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அவர்களுடைய ஆட்களும் கட்டிப்பிடித்தார்கள். நான்கு கோல் அடித்த சட்ட பீடத்துப் பொடியன் தன் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டான். நல்ல மனம் படைத்த பிள்ளை. இரண்டு நாளில் அவனும் படுக்கையில் விழுந்தான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றா. “என்ன மாதிரி?”

“தோத்திட்டம்.”

எத்தனை என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தோத்ததுக்கே இப்பிடிக் கொதிக்குது?” என்று தலையை மடியில் வைத்துத் தைலம் பூசினா. பொழுதுபடும்வரை பூசிக்கொண்டிருந்தா. முகக்கவசமும் இல்லை, சந்தேகமும் இல்லை. என் பையில் இருந்த நெகட்டிவ் சீட்டின் ஆயுள் இன்னும் முடியவில்லை.

மறுநாள் பாஸிட்டிவ். இரண்டு அணிகளிலும் பாதிப்பேர் படுத்தார்கள், போட்டி அத்தோடு நின்றது. எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ எழுதினார்கள்: ‘வாங்கியது ஏழு, கொடுத்தது அதைவிடக் கூட.’ நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். அப்போது அம்மாவுக்கு இருமல் மட்டும்தான்.

பிறகு அம்மாவால் மூச்சு எடுக்க முடியவில்லை. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பால் மூடிய அம்புலன்ஸ்காரர் இருவர் வந்தார்கள். தூக்கிக்கொண்டு போகவா என்று கேட்டார்கள். அம்மா மறுத்துவிட்டு, நாலாம் மாடியிலிருந்து தானே நடந்து இறங்கினா. ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்த சிஞ்ஞோராவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபோன் எடுத்து, அம்மா எப்போது வருவா என்று என்னைத்தான் அதட்டுவா.

அப்பாவும் நானும் வீட்டுக்குள் அடைபட்டோம். பின்னேரங்களில் டாக்டர் அழைப்பார். அப்பாவிடம் இருந்தது சமையலறை இத்தாலியன், ஆகவே நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஒருநாள் டாக்டர் நீளமாகப் பேசினார். ஒட்சிசன் கவசம் சரிவராவிட்டால் மயக்கித் தொண்டைக்குள் குழாய் விட வேண்டிவரும், தயாராக இருங்கள் என்றார்.

“என்னவாம்?”

“அப்பிடியே இருக்கிறாவாம்.”

“அந்தாள் இவ்வளவு நேரம் கதைச்சுது. நீ ஒரு சொல்லிலை முடிக்கிறாய்.”

முழுவதையும் சொன்னேன். அப்பா துணி எடுத்துச் சாப்பாட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. துடைத்துக்கொண்டே சொன்னார்: “உன்னிலை பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இப்ப என்னோடை கதையாதை.”

இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாதி வீடியோவில் அம்மாவைக் காட்டினா. தலை முழுவதையும் மூடிய கண்ணாடிக் குடம் போன்ற கவசம், அதற்குள் அம்மாவின் சின்ன முகம். உள்ளே காற்று இரையும், வெளிச்சத்தம் கேட்காது. அது தெரிந்தும் அப்பா கத்தினார்: “தெரேஸ்! நான் கதைக்கிறது கேக்குதோ?”

அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்தா. மற்றக் கையில் இரண்டு விரல்.

“ஏழோ? என்ன ஏழு? ஏழு நாளோ? டேய், அந்தப் பிள்ளையிட்டைக் கேளடா!” அப்பா என் கையிலிருந்த ஃபோனைப் பிடித்து இழுத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கோவிலடி ஆட்கள் யாரோ ஆட்டத்தின் செய்தியை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் மெதுவாகத் தலையாட்டினேன். அம்மாவின் தோள்கள் குலுங்கின. இயந்திரம் கீச்சிடத் தொடங்கியது, தாதி பாய்ந்து வந்தா. முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அம்மா சிரிக்கிறா. தாதி எங்களைத் திட்டிவிட்டு ஃபோனை வைத்தா.

அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

“சிரிச்சவளோ?”

“ஓம்.”

“வடிவாப் பாத்தனியோ? சிரிச்சவள்தானே?”

குழாய் விட வேண்டிவரவில்லை. அம்மா மெலிந்து, நரைத்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தா. டாக்டர் சொன்ன நேரம் வந்ததும் அம்மாவும் நானும் ஊசி போட்டோம். (நான் கதிரையிலேயே மயங்கினேன். அம்மாதான் தண்ணீர் தெளித்தா.) ஆளைத் தூக்கிப் பிடிக்கிற வேலை இனி ஏலாது என்று சிஞ்ஞோராவிடம் போவதை விட்டுவிட்டா. என்னை யாரும் கோலில் நிற்கக் கூப்பிடவில்லை.

இன்றும் அதே நாலாம் மாடிதான், லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பா. கூட வரும் விருந்தாளிகள், “என்ன தெரேஸ், ஏலாமல் கிடக்கோ?” என்பார்கள். சாமான் பைகளோடு பின்னால் நிற்கும் என்னை அம்மா காட்டுவா.

“சட்ட பீடத்திட்டை ஏழு கோல் விட்டவன். எட்டாவதை எனக்குள்ளை விட்டவன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பா. சிரித்தால் மூச்சு திரும்பிவர இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை நாங்கள் படியில் நிற்போம்.