நீலச் சட்டையின் பிடிவாதம்

மூன்றாவது சனிக்கிழமையும் நீலச் சட்டையின் இடுப்புக்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் கண்ணாடி முன் நின்று வயிற்றை உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள். சட்டை அசைந்து கொடுக்கவில்லை.

சினைப்பையில் நீர்க்கட்டி, மாதவிலக்கு தனக்குத் தோன்றியபோது வருகிறது, சர்க்கரையோ எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டரம்மா மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். அதற்குள் இடுப்புச் சுற்று இறங்காவிட்டால் மாத்திரை. எடை மிஷினில் ஏறி ஏறி மனம் நொந்துபோக வேண்டாம், இறுக்கமான சட்டை ஒன்றை வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும், கெடு முடிந்ததும் அதையே போட்டுக்கொண்டு வரட்டும் என்றும் சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு வயதிலேயே மாத்திரை டப்பாவோடு குடித்தனம் நடத்த அவளுக்கு மனம் வரவில்லை.

காப்பியில் சர்க்கரையை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. இப்போது சாப்பிட்டதும் கால்மணி நேரம் நடக்க ஆரம்பித்தாள். துணைக்கு வந்த கணவருக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. அவளுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

தசைக்கு வேலை கொடுக்கலாம் என்று அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். அதைப் பார்த்த முதலாளி, ஆள் கிடைத்துவிட்டது என்று சுமை தூக்குகிறவருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார். ஐம்பது கட்டு மாடி ஏறியது. முதுகு பிடித்துக்கொண்டது. சட்டை அப்படியே இருந்தது. அந்த மாதம் மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தது. அதைக்கூட ஏதோ தற்செயல் என்று தள்ளிவிட்டாள், பாவம்.

கடைசியில், டாக்டரம்மா கூடவே கூடாது என்றதையும் செய்தாள். காலைச் சாப்பாட்டை விட்டாள். அன்று பள்ளிப் பாடநூலில் 'திமிங்கலம் ஒரு பாலூட்டி' என்று சரியாகவே இருந்த வரியை அடித்துவிட்டு, 'திமிங்கலம் ஒரு பால்ரொட்டி' என்று திருத்திக் கொடுத்தாள். நாலாயிரம் பிரதி அச்சாகிவிட்டது.

முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, பசிச்சா என்கிட்ட சொல்லலாமே. நாலாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட எதுக்குச் சொல்றே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நாலாயிரம் பிரதியிலும் கையாலேயே திருத்தினாள்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். விரல் நுழையவில்லை. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள், வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரிந்தே ஒரு பிழை செய்யத் துணிந்தாள். சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் நாத்தனாரிடம் போனாள்.

"இதை ரெண்டு இஞ்சு பிரிச்சு விடேன். உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கோ. டாக்டரம்மா பார்க்கிறப்ப கொஞ்சம் லூசா இருக்கணும், அவ்வளவுதான்."

நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். சட்டையை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்தாள். அண்ணியின் இடுப்பைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே அண்ணி, தையக்காரி வீட்டு ஆளே தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போனா எனக்கு எவ துணி கொடுப்பான்னு, நீங்க இளைக்க இளைக்க உங்க துணி அத்தனையையும் வாரா வாரம் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சு வச்சிருக்கேன், இப்ப வந்து பிரிங்கிறீங்களே!"