அதிர்வுச் சித்தரும் நகப்பூச்சும்

கார் டிக்கிக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் மகானை நீங்கள் கண்டதுண்டா? எங்கள் ஊர்க்காரர்கள் கண்டார்கள். கண்டதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வரிசையில் நின்றார்கள்.

புறவழிச் சாலையை ஒட்டி ஒரு பழைய மரக்கிடங்கு. அதன் முற்றத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கார்கள் வந்து நிற்கும். அத்தனையும் நோயாளிக் கார்கள். பாட்டுப் போட்டால் பாடகர் பாடுவார், வயலின் இழையும். ஆனால் அடியிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தட்டும் அந்த 'டும்' மட்டும் வராது. அடித்தொனியை முழக்குவதற்கென்றே டிக்கியில் இரண்டு சப்வூஃபர் பெட்டிகள் பீரோ கனத்தில் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அங்கேதான் அதிர்வுச் சித்தர் வருவார். நீல அங்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் பாதி தூக்கம். பெட்டியின் மேல் கருவியை வைத்து, வாயைக் குவித்து, உச்சுக் கொட்டுவார்.

"நாதம் பயந்து உள்ள ஒளிஞ்சிருக்கு."

பிறகு டிக்கியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்துவார். தானும் துணிக்குள் தலையை விடுவார். முணுமுணுப்பு கேட்கும். வெளியே வந்து கையைத் தட்டினால், டும்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். துணிக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு கத்தரிக்காயைப் பத்துத் தடவை புரட்டிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள்தான் இவர்கள். சாமியார் என்று வந்துவிட்டால் மட்டும் புரட்டிப் பார்ப்பது பாவம்.

இன்னும் அற்புதங்கள் உண்டு. டும் ஒவ்வொன்றுக்கும் ஹெட்லைட் லேசாக மங்கும். "வண்டி கண்ணை மூடிக் கும்பிடுது" என்பார் சித்தர். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தடிமனான வயர் போட வேண்டிய இடத்தில் அவர் ஆட்கள் நூல் மாதிரி ஒன்றை இழுத்திருந்தார்கள். மின்சாரம் போதாமல் திணறிய வண்டிக்குப் பக்தி என்று பெயர். அந்த வயரில் இருந்த ஃப்யூஸையும் பிடுங்கிவிட்டு, மந்திரித்த செப்புத் தகட்டைச் செருகுவார். "தடை நீங்கிருச்சு" என்பார். நீங்கியது உண்மைதான். வயர் சூடேறினால் அறுத்துவிடக் காவலுக்கு இருந்த ஒரே ஆளையும் அனுப்பியாகிவிட்டது. கார்பெட் கருகும் வாடை வந்தபோது, தெய்வ மணம் என்று மூக்கை விரித்து இழுத்தார் ஒரு பல் டாக்டர். படித்தவர்.

ஒருநாள் ஒரு மளிகைக்காரர் கேட்டார். "சாமி, எங்க வண்டியில ஒரே பெட்டிதான். அதுக்கும் ஏதாவது வருமா?"

"ஒத்தைப் பெட்டி பிரம்மச்சாரி. அதை எந்தத் தீங்கும் அண்டாது."

என்ன தத்துவம் என்று கூட்டம் சொக்கிப்போனது. இந்த வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

முற்றத்துக்குப் பக்கத்திலேயே கார் கழுவும் கொட்டகை ஒன்று உண்டு. நடத்துபவர் சித்தரின் மச்சான். கழுவுவது இலவசம், டிக்கியைத் திறந்து தூசி உறிஞ்சுவதும் இலவசம். ஊரில் ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டும். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு நம் ஆட்களுக்கு வேறெதுவும் காதில் விழுவதில்லை.

இனி நம் டும்டும்முக்கு வருவோம். டும்டும் என்பது ஊர் வைத்த பெயர். பிறந்தநாள் விருந்து, கடைத் திறப்பு, எதுவானாலும் தன் காரைக் கொண்டுபோய் நிறுத்துவான், டிக்கியைத் திறப்பான், பாட்டு முழங்கும். அதுதான் பிழைப்பு. கொட்டகையில் இலவசமாகக் கழுவிக்கொண்டு வந்தவனுக்கு அன்று மாலையே டும் போய்விட்டது. ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் ஆட வந்து, பாதியில் நின்று, பிஸ்கட் தின்னப் போய்விட்டார்கள். இதைவிட அவமானம் வேறென்ன?

அவனுடைய அக்கா வீட்டோடு இருப்பவள். அவள்தான் சித்தரிடம் இழுத்துப் போனாள். சித்தர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"முன் சீட்டுல ஒரு பொம்பள உக்கார்றாளா?"

"என் சம்சாரம்தான் சாமி."

"நிறையப் பேசுவாளோ?"

டும்டும் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "வாய மூட மாட்டா சாமி."

"அவ குரல் வண்டிக்கு ஆகல. இப்ப நாதத்தைக் கூப்பிட்டுத் தர்றேன். அவ வீட்ல இருந்தா திரும்பப் போயிரும். மூணாவது தடவை போச்சுன்னா, வண்டி குரல் போகாது, ஓட்டுறவன் குரல் போயிரும். வாராவாரம் கொட்டகையில கழுவிச் சுத்தமா வச்சுக்க."

துணி, முணுமுணுப்பு, டும். அடுத்த வாரம் பயபக்தியோடு கழுவினான். மறுபடி போய்விட்டது. சித்தர் வாக்கு பலித்தது என்று அக்கா அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கினாள்.

டும்டும்மின் மனைவி ஃபேன்சி ஸ்டோரில் விற்பனைக்கு நிற்பவள். சீப்பு, ஹேர்பின், நகப்பூச்சு. பேரம் பேச வருகிறவர்களிடமே பேசிப் பேசி இரண்டாவது சீப்பையும் கட்டிவிடுகிற வாய் அது. அந்த வாய்தான் இப்போது குற்றவாளி.

"என்னங்க, நிஜமாவே என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்ல விடப்போறீங்களா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"எதுவரைக்கும்?"

"வண்டிக்கு மனசு மாறுற வரைக்கும்."

"உங்களுக்கு மாறவே மாறாதா?"

அவன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெட்டவன் இல்லை. பயந்தவன். சாமியார்களின் முதலீடே இந்த ரகம்தான்.

கிளம்பும் நேரத்தில் ஒரு சிக்கல். பின் சீட்டை மைக் ஸ்டாண்டும் அக்காவும் பிடித்துக்கொண்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தாளா என்று கண்ணால் பார்க்காமல் அக்காவுக்கு நிம்மதி கிடையாது. டிக்கியில் இரண்டு பெட்டிகள். சூட்கேஸுக்கு இடமில்லை.

"ஒரு பெட்டியைக் கழட்டி வீட்ல வைடா. எப்படியும் ஊமைதானே" என்றாள் அக்கா.

கழற்றி வைத்தான். சூட்கேஸ் ஏறியது. மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"கடைசித் தடவை. உக்காந்துட்டு வரட்டும்" என்று அக்கா பெரிய மனசு பண்ணினாள்.

கார் தெருமுனை தாண்டவில்லை. மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். பிறந்த வீட்டில் தம்பி கேட்டால் என்ன சொல்வது, கடையில் யாரிடம் லீவு சொல்வது, அங்கே அண்ணன் பெண்டாட்டியின் சமையலை யார் சாப்பிடுவது. தாங்க முடியாமல் டும்டும் பாட்டைப் போட்டான்.

டும்.

கண்ணாடி அதிர்ந்தது. அக்காவின் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. டும். டும். டும்.

"பாத்தியாடா தம்பி," என்றாள் அக்கா, "இவ கிளம்பினதுமே வந்துருச்சு."

"அண்ணி, நான் எங்க கிளம்பினேன்? முன் சீட்லதான் உக்காந்திருக்கேன். பேசிக்கிட்டு வேற இருக்கேன்."

டும்டும் பிரேக் போட்டான்.

"வண்டிய திருப்புங்க" என்றாள் மனைவி.

வீட்டு வாசலில் சூட்கேஸை இறக்கிவிட்டு, கழற்றி வைத்த பெட்டியை மறுபடி மாட்டச் சொன்னாள். மாட்டினான். டும் போயிற்று. கழற்றினான். வந்தது. இந்தப் பெட்டியை விட்டு அந்தப் பெட்டியை மட்டும் மாட்டினான். அப்போதும் வந்தது. தனித்தனியே இரண்டும் சிங்கம். சேர்த்து வைத்தால் ஊமை. ஒத்தைப் பெட்டியை எந்தத் தீங்கும் அண்டாது என்று சித்தர் சொன்ன தத்துவம் இதுதான்.

"என்னங்க இது, நம்ம வீட்டுக் கதையா இருக்கு" என்றபடி இரண்டையும் மாட்டச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பீக்கர் முகத்திலும் ஒரு கையை மெல்ல வைத்தாள். வலது கை வெளியே தள்ளப்பட்ட அதே நொடி, இடது கை உள்ளே இழுபட்டது.

"ஒண்ணு காத்தைத் தள்ளுது, ஒண்ணு இழுக்குது. அப்புறம் எங்கேருந்து சத்தம் வரும்? ஊஞ்சலை ரெண்டு பேரு எதிரெதிர் பக்கம் நின்னு ஒரே நேரத்துல தள்ளினா ஆடுமா? ஒரு பெட்டியில வயரை மாத்திக் குத்துங்க."

ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் இரண்டு துளைகள், இரண்டு கறுப்பு வயர்கள். ஒரு பெட்டியில் மட்டும் இரண்டையும் இடம் மாற்றினான். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து முழங்கின. எதிர் வீட்டு ஜன்னல் திறந்து ஒருவர் திட்டினார். வசவு அவ்வளவு இனிமையாக டும்டும்முக்கு என்றுமே கேட்டதில்லை.

"சரி, யாரு மாத்தினது?" என்றான்.

"ரெண்டு தடவையும் டும் போனது எதுக்கப்புறம்?"

அவன் யோசித்தான். கஷ்டப்பட்டுத்தான். "கழுவினதுக்கு அப்புறம்." உடனே முகம் வெளுத்தது. "இருந்தாலும் சித்தரைப் போய்... மூணாவது தடவைன்னு வேற சொல்லியிருக்காரு."

"ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்க. நான் சொல்றது தப்புன்னா சூட்கேஸை நானே தூக்கிக்கிட்டு பஸ் ஏறிடுறேன். திரும்பி வரமாட்டேன்."

சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். கொட்டகைக்கு முந்திய திருப்பத்தில் காரை நிறுத்தச் சொல்லி அவள் டிக்கியைத் திறந்தாள். கைப்பையிலிருந்து அடர்சிவப்பு நகப்பூச்சு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வயரின் உறை மேல், நுனியை ஒட்டி, கொழுகொழுவென்று ஒரு பொட்டு. அது நுழையும் துளையின் ஓரத்தில் இன்னொரு பொட்டு. ஜோடிக்கு ஜோடி. காய்வதற்குள் காரைக் கொட்டகையில் விட்டார்கள். மச்சான் டிக்கி இருட்டுக்குள் பழகின கையை விட்டுத் தூசி உறிஞ்சினார். தூசி மட்டும்தானா என்பது கொஞ்ச நேரத்தில் தெரியப்போகிறது.

முற்றத்தில் நல்ல கூட்டம். பாட்டைப் போட்டான். ஊமை. சித்தர் வந்தார், முன் சீட்டைப் பார்த்தார், கண்ணை மூடினார்.

"நான் அப்பவே சொன்னேன். இந்தப் பொம்பளையை இன்னுமா வச்சிருக்க?"

கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டும்டும்மின் மனைவி இறங்கி வந்தாள்.

"சாமி, இன்னைக்குத் துணி இல்லாம செய்யுங்களேன்."

"வெளிச்சத்தைக் கண்டா நாதம் ஓடிரும்."

"டிக்கியில இல்லாதது எங்கேருந்து ஓடப்போகுது? டாக்டர் சார், நீங்க கொஞ்சம் வாங்க. படிச்சவரு. இந்தப் பெட்டி முதுகுல என்ன தெரியுது?"

பல் டாக்டர் பழக்கதோஷத்தில் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தார். "ரெண்டு சிவப்புப் பொட்டு. ஒண்ணு வயர்ல, ஒண்ணு துளை ஓரத்துல. வயர் பக்கத்துத் துளையில இருக்கு. பொட்டு வேற இழுபட்டிருக்கு."

"ரெண்டையும் ஒரே இடத்துலதான் ஜோடியா வச்சேன். இதோ இந்தத் திருப்பத்துல."

சித்தர் அசரவில்லை. தொழிலில் அனுபவம். இரண்டு கையையும் தூக்கினார். "பாருங்க பக்தர்களே! வண்டி ரத்தக் கண்ணீர் விட்டிருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், நாலைந்து கைகள் கும்பிடப் போய்விட்டன.

அவள் கைப்பையைத் திறந்து சீசாவை உயர்த்திக் காட்டினாள். "இந்தக் கண்ணீர் எங்க கடையில பல கலர்ல கிடைக்கும் சாமி. உங்க மச்சானும் அழுதிருக்காரு போல. கட்டைவிரலைப் பாருங்க."

மச்சான் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்காமல் இருந்திருந்தால்கூட யாராவது சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்திருப்பார்கள். மளிகைக்காரர் அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடர்சிவப்பு.

"நீங்களே பாத்துக்குங்க" என்றாள் அவள். "எல்லாரும் உங்க டிக்கியில ஒரு பெட்டியை மட்டும் கழட்டுங்க. துணியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்."

ஒருவன் கழற்றினான். டும். அடுத்தவன். டும். வரிசை நெடுக டிக்கிகள் திறந்தன, டும் டும் என்று முற்றமே அதிர்ந்தது, மரக்கிடங்கின் தகரக் கூரை ஒத்து ஊதியது. ஊரிலிருந்த அத்தனை ஒளிந்த நாதங்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் எப்படியிருக்கும்? சித்தர் ஸ்டெதஸ்கோப்பை மறந்து காதைப் பொத்திக்கொண்டார்.

அப்போதும் மனிதர் விடவில்லை. "பாத்தீங்களா, என் சந்நிதியில எல்லா வண்டிக்கும் நாதம் வந்துருச்சு!"

பல் டாக்டர் மெதுவாக அவர் எதிரே வந்து நின்றார். 

"என் நாய் குலைக்கிறது வண்டிக்கு ஆகலைன்னு சொன்னீங்களே. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். கார் பின்னாலேயே ஓடி வந்துச்சு."

சித்தர் வேலிப் பக்கம் நகர்ந்தார். கூட்டம் நெருங்கியது. நீல அங்கி வேலியைத் தாண்டும்போது ஒரு முள் அதில் பாதியை வாங்கிக்கொண்டது. மச்சான் அதற்கு முன்பே போயிருந்தார். பல் டாக்டர் தன் காரிலிருந்த செப்புத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஃப்யூஸ்கூடப் போடாமல், பாட்டும் இல்லாமல், பாலத்துப் பக்கம் வண்டியை விரட்டினார்.

கலைகிற கூட்டத்தில் ஒருவர் கவலையோடு கேட்டார். "அப்ப இனிமே கழுவுறது இலவசம் இல்லையா?"

டும்டும் மனைவிக்காக முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "வீட்டுக்குப் போலாமா?" என்றான், தரையைப் பார்த்து.

"போலாம். ஆனா பாட்டுப் போடக் கூடாது. நான் பேசப்போறேன்."

"பேசு."

அக்கா பின் சீட்டிலிருந்து முனகினாள். "அவரு சொன்னது சரிதான். இவ வாயாலதான் எல்லாமே போச்சு."

"ஆமா அண்ணி. என் மடியில இருக்குற சூட்கேஸ் உங்களுதுதானே? நீங்க எங்கேயாவது போறதா இருந்தா சொல்லுங்க, அப்படியே விட்டுட்டுப் போறோம்."

அக்கா வீடு போய்ச் சேரும் வரை வாய் திறக்கவில்லை. சித்தரின் இத்தனை நாள் சேவையில் நடந்த ஒரே உண்மையான அற்புதம் அதுதான்.

நீல அங்கி இப்போது வேறொரு ஊரில் வேறொரு நிறத்தில் இருக்கும். அங்கேயும் வரிசை இருக்கும். வரிசையில் நிற்கிற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவே ஒரு பெட்டி இருக்கிறது. அதை ஊரான் கையில் கொடுத்து இலவசமாகக் கழுவிக்கொள்ளாதீர்கள். அவ்வப்போது நீங்களே திறந்து பாருங்கள். எவனாவது வயரை மாற்றிக் குத்தியிருப்பான்.