ஐந்தாவது பொருள்

பயம் என்றால் என்ன என்று இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தேன். அது நிஜத்தில் என்னவென்று புரிந்தது பதினோரு நிமிடத்தில். 

சமூகப் பணியில் முதுகலை முடித்த கையோடு, ஒரு சிறிய மையத்தில் மனநல ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். வேலை முழுக்க வீடியோ காலில். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு அறைதான் ஆபீஸ். பீரோவுக்கு முன்னால் நாற்காலி, காதில் ஹெட்செட், பேச்சு வெளியே போகாமலிருக்கக் கதவிடுக்கில் துண்டு. "கதை கேட்டுத் தலையாட்டுற ஆள் நானில்லை, என் வழி செய்முறை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். (அதுவரை நான் செய்திருந்த ஒரே செய்முறை, அந்தத் துண்டு.)

மையத்து மேடம் ஒரு படிவம் கொடுத்திருந்தார். முதல் கேள்வி: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரமென்றால் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது? எனக்குப் பிடிக்கவில்லை. மனம் திறக்க வந்தவரிடம் ரேஷன் கார்டு ஆபீஸ் மாதிரி கேட்பதா? கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

முதலில் வந்தவர் ஓர் அக்கா. (பேர் சொல்ல மாட்டேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "பேரை மறைச்சுப்போடுங்க, யானையை மறைச்சுப்போடாதீங்க" என்று உத்தரவு.) தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோப்புக்குள் வீடு. ஒருமுறை யானை வந்து வாழையை மிதித்துவிட்டுப் போனதிலிருந்து, சாயங்காலமானால் பொடக்காளிக் கதவைத் திறந்து வீட்டுப் பின்பக்கம் போக முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, கால் துவள்கிறது.

இதற்கு நாலைந்து வாரம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று புத்தகம் சொல்லும். நான் இருபதாவது நிமிடத்திலேயே முடித்துவிடப் பார்த்தேன்.

"அக்கா, இப்பவே கதவைத் திறந்து பாத்துடலாங்களா?"

"மணி ஆறாகப் போகுதுங்களே. இது யானை வார நேரமுங்க மேடம்."

"யானை வரும்னு மனசு சொல்றது வேற, யானை வர்றது வேறங்கக்கா."

(யானையைக் கோயில் வாசலில் மட்டும் பார்த்தவள் சொன்னேன். தோப்புக்குள் இருப்பவர் கேட்டுக்கொண்டார்.)

அக்கா கதவைத் திறந்து, போனை வெளிப்பக்கம் திருப்பினார். மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. படித்த வித்தையை எடுத்துவிட்டேன். "கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள் சொல்லுங்க. பயம் தானா இறங்கும்."

"தென்னை மரமுங்க. மோட்டார் ரூமுங்க. தண்ணித் தொட்டிங்க. கொடியில எங்க ஊட்டுக்காரர் லுங்கிங்க."

"பிரமாதம்! அஞ்சாவது?"

"யானைங்க."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "அக்கா, அது உங்க பயம். அதப் பாத்து, நீ நெசமில்லைன்னு சொல்லுங்க."

தொட்டிக்குள் ஒரு தும்பிக்கை இறங்கியது. திரை அப்படியே உறைந்தது. பிறகு கறுப்பு.

"அக்கா! உள்ள போங்க! யானை! அக்கா!" துண்டையும் மீறித் தெருவுக்கே கேட்டிருக்கும். திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கதவைத் திறந்தது அவர். அவரைத் திறக்க வைத்தது நான். வனத்துறையை அழைத்தேன்.

"எந்தத் தோட்டமுங்க? பக்கத்துல யாரு இருக்காங்க?" என்றார் அங்கிருந்தவர். படிவத்தின் முதல் கேள்வியேதான். என்னிடம் இருந்த பதில்: "தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு அக்காங்க... கொடியில லுங்கி காயுதுங்க..."

"அம்மணி, லுங்கி காயாத ஊடு எதுங்க?"

மேடத்தை அழைத்தேன், எடுக்கவில்லை. அப்பா வண்டிச் சாவியோடு கதவை இடித்துக்கொண்டிருந்தார். "யானைன்னு கத்தறயே கண்ணு, எங்கேன்னு சொல்லு, போலாம்."

"தொண்டாமுத்தூர்ப் பக்கம், எந்தத் தோப்புன்னு தெரியலைங்கப்பா." அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது, கால் துவண்டது. அக்கா சொன்ன அத்தனையும், வரிசை மாறாமல்.

பதினோராவது நிமிடம் போன் அடித்தது. வீடியோவில் அக்கா, வீட்டுக்குள்.

"ஏனுங்க மேடம், பயந்துபோட்டீங்களா? அப்பவே கதவைச் சாத்திப்போட்டேனுங்க. ஓடுனதுல போன் உழுந்து ஆஃபாயிருச்சு. அது தண்ணி குடிச்சுட்டுப் போயிருச்சுங்க."

எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது.

அக்கா திரையில் நெருங்கி வந்து பார்த்தார். "அடடா. மொதல்ல மூச்சு உடுங்க கண்ணு. அஞ்சு பொருள் சொல்லுங்க பாக்கலாம்."

"பீரோ... ஃபேன்... துண்டு..." என்று சொல்லச் சொல்ல, அந்த வித்தை நிஜமாகவே வேலை செய்தது.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, அந்தப் படிவத்தை நூறு பிரதி எடுக்கச் சொன்னார். அக்காவும் என்னை விட்டுப் போகவில்லை. அதன்பின் பட்டப்பகலில், படிப்படியாக, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுத்தான் அந்தக் கதவைத் திறந்தோம்.

அக்கா யாரென்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் கத்தியதும், எங்கே என்று சொல்லத் தெரியாமல் அழுததும்தான். ஆனால் அவர் எப்போது போன் செய்தாலும், நான் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிடுவார்:

"சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு, பேக்கரி முன்னால நிக்கறேன். பக்கத்துல உங்க மாமா இருக்கார். யானை இல்லை. இப்பச் சொல்லு கண்ணு."