எலுமிச்சம்பழத்தால் ஒரு நாட்டைக் காப்பாற்றியவர்

பணவீக்கத்தை அடக்கப் பார்த்துத் தலைமுடியை இழந்த நிதியமைச்சர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அதை அடக்கிய நிர்வாகி எங்கள் பெரிய தொரை ஒருவர்தான். அவர் காப்பாற்றிய நாடு எந்த வரைபடத்திலும் இல்லை என்பதையும், அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட வராது என்பதையும் சொல்லி அவர் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்தின் மேலாளரைத்தான் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் பெரிய தொரை என்போம். இவர் எந்தத் தோட்டத்துக்கும் மேலாளர் இல்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, போட்டோ கொப்பி அடிப்பது, மூலையில் இருந்த மூன்று கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் காசு வாங்குவது, இவ்வளவுதான் உத்தியோகம். சொந்த இடம் மடுல்சீமைப் பக்கம். அப்பா தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். அந்தப் பங்களாவில் இருந்த துரை மாற்றலாகிப் போனபோது விட்டுச் சென்ற தொப்பி ஒன்று மகன் தலைக்கு வந்து சேர்ந்தது, பட்டப்பெயரும் அதோடு வந்தது. தலை சிறியது, தொப்பி பெரியது. போட்டோ கொப்பி மெஷின் மேல் அவர் குனியும்போதெல்லாம் தொப்பி முந்திக்கொண்டு கண்ணாடியில் உட்காரும். அந்தக் காலத்தில் எங்கள் கடையில் பிரதி எடுத்த பிறப்புச் சான்றிதழ்களில் பாதிக்கு ஓரத்தில் ஒரு கறுப்பு அரைவட்டம் இருக்கும். கேட்டால், "அது கடையோட சீல்" என்பார்.

நான் பூனாகலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பெண்பிள்ளை. எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள். சந்தர்ப்பம் கிடைத்தால் இதைச் சொல்வேன், கிடைக்காவிட்டாலும் சொல்வேன். பதுளையில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்த அந்த நாட்களில் பின்னேரங்களில் அந்தக் கடையில் கடிதங்கள் டைப் செய்து கொடுப்பேன். கூலிக்குப் பதிலாக முதலாளி தினமும் ஒரு மணி நேரம் இன்டர்நெட் பார்க்க விடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் உலக அறிவை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பெரிய தொரை என்னைத் தன் ராஜ்ஜியத்தில் அரண்மனை வைத்தியராக நியமித்துவிட்டார்.

ராஜ்ஜியம் என்பது அவர் இன்டர்நெட்டில் நடத்திய எழுத்து விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே எழுத வேண்டும். "குதிரையிலிருந்து இறங்குகிறேன். சத்திரக்காரரே, ஒரு தேத்தண்ணி" என்று ஒருவர் எழுதினால், இன்னொருவர் சத்திரக்காரராக மாறி, சீனி எத்தனை கரண்டி என்று கேட்பார். இப்படி எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் பத்து வராகன் கணக்கில் ஏறும். அதைக் கொண்டு குதிரை, வாள், வீடு எல்லாம் வாங்கலாம். பண்டாரவளையிலிருந்து கனடா வரைக்கும் குடிமக்கள் இருந்தார்கள். ராஜ்ஜியத்துக்கு ராஜா கிடையாது. பெரிய தொரை மட்டும்தான்.

பதிவுக்குப் பத்து வராகன் என்று அறிவித்த அன்றைக்கே அவர் பொருளாதாரத்தின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டார். இழுத்தவர் ராஜ்ஜியத்தின் தளபதி. யாழ்ப்பாணத்துக்காரர், டொரொண்டோவில் இருந்து விளையாடுகிறவர். ஒரு சண்டையில் வாளை உருவி முடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. "கையை நீட்டுகிறேன்." பத்து வராகன். "பிடியைத் தொடுகிறேன்." பத்து வராகன். "தும்முகிறேன்." பத்து வராகன். எதிரி பொறுமை இழந்து தானாகவே செத்துப்போனார். அதைப் பார்த்த எல்லாரும் "ம்", "சரி", "அப்படியா" என்று எழுதியே லட்சாதிபதி ஆனோம். அரண்மனை வைத்தியரான நானும் நாடி பிடிப்பதையே விரல் விரலாகப் பிரித்து எழுதினேன்.

கையில் காசு குவிந்தால் விலை சும்மா இருக்குமா? ஐந்து வராகனுக்கு விற்ற தேத்தண்ணி ஐயாயிரத்துக்குப் போனது. புதிதாக ராஜ்ஜியத்துக்குள் வருகிறவரிடம் முதல் பதிவுக்கான பத்து வராகன்தான் இருக்கும். பண்டாரவளைப் பையன் ஒருவன் ஆசையோடு வந்தான். சத்திரத்தில் விலையைக் கேட்டான். "இந்த வெலைக்கு நான் எங்க வீட்லயே குடிச்சிக்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு யாருமே புதிதாக வரவில்லை. பழைய ஆட்களும் சலித்துப்போய்க் குறைந்தார்கள். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன.

கடை முதலாளி பரம்பரை வியாபாரி. ஓர் இடம் காசு உழைக்காமல் கிடந்தால் அவருக்கு வயிற்றை வலிக்கும்.

"தம்பி, இந்த மாசம் வரைக்கும் பாப்பேன். ஆள் வரலைன்னா மூணு பொட்டியையும் வித்துட்டு லெமினேட்டிங் மெஷின் வாங்கப் போறேன்."

"அப்ப நான் என்ன முதலாளி செய்றது?"

"லெமினேட்டிங் மெஷினுக்கு ஆள் தேவையில்ல. நானே தள்ளுவேன். நீ தோட்டத்துக்குப் போயி கூலி வேலைக்குப் பேர் பதிஞ்சுக்க."

தொப்பியோடு நிமிர்ந்து நிற்கிற பெரிய தொரை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொப்பியைக் கழற்றினார். உயரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மறுநாள் அதே தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார். தேத்தண்ணி ஐந்து வராகனுக்கு மேல் விற்கக் கூடாது. சத்திரக்காரர் சத்திரத்தையே மூடிவிட்டு, தனிமடலில் திருட்டுத் தேத்தண்ணி விற்கத் தொடங்கினார். விலை எட்டாயிரம் ஆனது.

அடுத்த யோசனைதான் அவருடைய மேதைமைக்கு முதல் சாட்சி. மாத முடிவில் எல்லாருடைய கணக்கிலும் தோட்டத்துச் சம்பளச் சிட்டையைப் போல, எதெதற்குக் காசு வெட்டியிருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒரு சிட்டை வந்தது. கோயில் பிடிப்பு. சலவைப் பிடிப்பு. முடிவெட்டும் பிடிப்பு. மரணாதார நிதிப் பிடிப்பு. யாரும் வாங்காத கோதுமை மாவுக்குப் பிடிப்பு. கடைசியில் கையில் கிடைப்பது பூச்சியம்.

"இது என்ன அண்ணே கொள்ளை?" என்றேன்.

"கொள்ளை இல்ல டீச்சர், நிர்வாகம்." கொஞ்சம் படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் நக்கலடிப்பார். "நம்ம தோட்டத்துல பணவீக்கம்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லைதான். என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க வேலை செய்தார்கள். அவர்களுடைய பணம் ஒருநாளும் வீங்கவில்லை. வீங்குவதற்கு அது முதலில் கைக்கு வரவேண்டுமே.

ராஜ்ஜியம் கொதித்தது. தளபதி எழுதினார்: "உதென்ன அநியாயம் ஐசே? எனக்கேன் சலவைக் காசு? இஞ்ச நான் மெசினிலதான் உடுப்புத் தோய்க்கிறனான்." வெலிமடைக்காரர் ஒருவர், பகலில் லீக்ஸ் வியாபாரி, ராஜ்ஜியத்தில் புளியமரத்துப் பேய். அவருடைய கேள்விதான் நியாயமானது: "நானே செத்துப்போன ஆளு. என்கிட்ட எதுக்குங்க மரணாதார நிதி புடிக்கிறீங்க?"

வேலைநிறுத்தம் அறிவித்தோம். தலைமை நான். தோட்டத்துப் பிள்ளைக்குப் போராட்டம் நடத்த வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஒருவரும் ஒரு பதிவும் போடவில்லை. பேச்சுவார்த்தை மட்டும் இன்டர்நெட்டில் நடந்தது. நானும் பெரிய தொரையும் ஒரே கடையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், "மாண்புமிகு நிர்வாகத்துக்கு" என்று நானும், "மதிப்புக்குரிய தொழிற்சங்கத்துக்கு" என்று அவரும் தட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தடவை மட்டும் நேரடியாகப் பேசினார்.

"டீச்சர், அந்த பிளேன்டிக் கோப்பையக் கொஞ்சம் தள்ளி வையி. கைபட்டுக் கொட்டிரும்."

"அதையும் எழுத்துல கேளுங்க."

மூன்றாம் நாள் பார்த்தால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். யாரும் பதிவு போடாததால் புது வராகன் பிறக்கவில்லையாம், பணவீக்கம் நின்றுவிட்டதாம். முதலாளி எட்டிப் பார்த்தார். காசு கொடுத்து உட்கார ஓர் ஆள் இல்லை, பெரிய தொரை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார். "நோய் போயிருச்சு, ஆளும் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு லெமினேட்டிங் மெஷினின் விலையை விசாரிக்கப் போன் எடுத்தார். பெரிய தொரைக்குச் சிரிப்பு நின்றது. அன்றைக்கே பிடிப்பெல்லாம் ரத்து.

அந்த வாரம் அவருடைய தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. லீவு போட்டுவிட்டுப் போனார். இனித் திரும்பமாட்டார், அங்கேயே பேர் பதிந்துகொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போது வாசலில் நிற்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, கண்ணில் ஒரு பயங்கர வெளிச்சம்.

"டீச்சர்! நேத்து அம்மன் கையில இருந்த எலுமிச்சம்பழத்த ஏலம் விட்டாங்க. எவ்வளவுக்குப் போச்சு தெரியுமா? ஒரு மாசச் சம்பளம்! எடுத்தது யாருன்னு நெனைக்கிற? சங்கச் சந்தா கூடிப்போச்சுன்னு போன வாரம் ஆப்பீசு முன்னால கத்துன மனுசன்!"

"அதுக்கு?"

"நாம புடுங்குனா ஸ்டிரைக் பண்றானுங்க. அதே காச ஒரு பழத்துக்கு அவனுங்களே தூக்கிக் குடுக்குறானுங்க. இதுதாம்மா நிர்வாகம்!"

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ராஜ்ஜியத்தில் ஏலம். டொரொண்டோவில் அப்போது காலை. தளபதி வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். பழம் எதற்கும் உதவாது. நோய் தீராது, பலம் வராது. எடுத்தவர் பெயர் ஒரு வாரத்துக்கு முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஏல வருமானம் முழுவதும் ராஜ்ஜியத்தின் கணக்கிலிருந்தே அழிக்கப்படும் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

பெரிய தொரை டைப் செய்தார், கூடவே கோயில் ஏலக்காரரைப் போல வாயாலும் கத்தினார். தெருவில் போனவர்கள் உள்ளே வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பேய் ஆயிரம் என்றது. தளபதி ஐயாயிரம் என்றார். பேய் இருபதாயிரம். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து டெலிபோன் கம்பியைப் பிடுங்கினார். கடைக்கு இருந்தது ஒரே ஒரு லைன், கோலும் இன்டர்நெட்டும் அதில்தான். பசறைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து மகள் பேசுவாள்.

"முதலாளி, மூணாந்தரம் சொல்லலை!"

"மொதல்ல கோல். அப்புறம்தான் ஒன் ராச்சியம்."

அந்த அம்மா ஆறுதலாகப் பேசினார். பேரப்பிள்ளையின் பல், கறவை மாடு, கூரைத் தகரம் என்று ஒன்றும் விடவில்லை. அவ்வளவு நேரமும் வெலிமடையிலும் டொரொண்டோவிலும் ஏலம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தரம் சொல்ல ஆளில்லாத ஏலம் எங்கே நிற்கும்? கம்பியைத் திரும்ப மாட்டியபோது விலை லட்சங்களைத் தாண்டிவிட்டது. தளபதி குதிரையை விற்றிருந்தார், வாளை விற்றிருந்தார், அந்த ஒரு வாரமாக உருவிய வாளை! கடைசியாக எழுதியிருந்தார்: "உந்தப் பேயிட்ட நான் தோக்கமாட்டன்." பெரிய தொரை மூன்றாம் தரம் போட்டார். ராஜ்ஜியத்தின் மிகப் பெரிய செல்வந்தர் பழமும் கையுமாக ஆண்டியானார்.

அடுத்த வாரம் தேங்காய். அதற்கடுத்த வாரம் அம்மன் குடையைப் பிடிக்கும் உரிமை. வராகன் கொட்டிக்கொண்டே போனது, சிட்டையில் ஒரு சதம் பிடித்தால் சீறுகிற கூட்டம் முகப்பில் பெயர் வருகிறது என்றதும் வீட்டை விற்றது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. குடையை எடுத்தது நான்தான். தேத்தண்ணி ஐந்து வராகனுக்கு வந்தது. பண்டாரவளையிலிருந்து புதியவர்கள் வந்து குடித்தார்கள்.

ஆனால் கடையைக் காப்பாற்றியது அவர்கள் இல்லை. மூன்றாவது ஏலத்தன்று கூட்டத்துக்குள் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பரம்பரை வியாபாரிக்கு ஏலச் சத்தம் காதில் விழுந்தால் கை தானாக உயரும்.

"நான் ஒரு ஐநூறு!"

"முதலாளி, ஒங்க கணக்குல ஒண்ணும் இல்லையே. எழுதுனாத்தான் வராகன்."

"அப்ப எனக்கும் ஒரு பேரு போட்டுக் குடு தம்பி. என்ன எழுதணும்?"

மறுநாளிலிருந்து முதலாளி நெய் வியாபாரி என்ற பாத்திரமாக மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஒரு விரலால் தட்டுவார். லெமினேட்டிங் மெஷினைப் பற்றி யாராவது கேட்டால், "அது எதுக்கு? அதுல எழுத முடியுமா?" என்று எரிந்து விழுந்தார்.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. பிறகு வீடுகளுக்கே இன்டர்நெட் வந்தது, கடைக்கு ஆள் வருவது நின்றது, முதலாளியின் நெய்க்கும் கிராக்கி இல்லாமல் போனது. பெரிய தொரைக்குக் கட்டார் நாட்டில் ஒரு களஞ்சியசாலையில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் ராஜ்ஜியத்தை மூடுவதாக அறிவித்து, கடைசி ஏலம் வைத்தார். பொருள், பெரிய தொரையின் தொப்பி. மூன்றாம் தரம் விழுந்ததும் ராஜ்ஜியம் மூடப்படும். நான் அப்போது நிஜமாகவே டீச்சராகியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையில் சோக் தூள் ஒட்டியபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தளபதி வரவில்லை, பேயும் வரவில்லை. நூறு வராகன் என்று கேட்டேன்.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

நூற்றொன்று என்றேன்.

"டீச்சர், எதிர்ல ஆளே இல்ல. யாரோட போட்டி போடுற?"

"நீங்க ஏலத்த மட்டும் பாருங்க."

அவர் ரெண்டு தரம் என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், கணக்கில் காசு தீரும்வரை, என் விலையை நானே ஒரு வராகன் ஏற்றிக்கொண்டிருந்தேன்.