மாத்திரைக்கு வரப்பு கட்டியவர்

வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு வழி சொல்லி அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் சைக்கிள் கடைக்கு எதிர்வீட்டில் இருந்தார் என்பது என் தலையெழுத்து.

தொண்ணூறுகளில் உடுமலைப்பேட்டையை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. அவருக்கு ஊர் வைத்த பெயர் மடைக்காரர். தோட்டத்தில் தண்ணீர் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாய்க்காலில் ஒரு மடையை மண்ணால் அடைத்து, இன்னொன்றை மண்வெட்டியால் திறந்து, வேண்டிய பாத்திக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பிவிடுவார். அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? உடம்பிலும் அதையே செய்தார்!

தலைவலிக்கு மாத்திரை போட்டால் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

"எதுக்குங்ண்ணா இந்தக் கட்டு?"

"மருந்து கீழ எறங்கிப்போச்சுன்னா தலைக்கு ஏதுங்க தம்பி? எனக்குக் காலா வலிக்குது?"

பல்வலி என்றால் இடுப்போடு இரண்டு கைகளிலும் கட்டு. சந்தைக்குக் கிளம்பிய மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். வலி தானாகக் குறைந்ததும், "பாத்தீங்களா, பாஞ்சிருச்சு" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மழைக்காலத்தில் மண்வெட்டி அவர் பாதத்திலேயே இறங்கிவிட்டது. புண் சீழ் பிடித்தது. டாக்டரம்மா வேளைக்கு ஒன்றாகப் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார். மறுநாள் காலை மடைக்காரர் மனைவி சரசக்கா கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, கொஞ்சம் ஊட்டுக்கு வாங்க! அந்த மனுசன் காலு நீலம் பாரிச்சுக் கெடக்குதுங்க!"

போய்ப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருக்கிறார். அதுவும் என் கடை டியூப்! வாளிக்குக் கட்ட வேணும் என்று சொல்லி வாங்கிப் போனது!

"மூணு வேளை மாத்திரையவும் ஒரே தண்ணியா உட்டுப்போட்டனுங்க. கால்ல எறங்குன மருந்து திரும்பிப் போகாம வரப்பும் கட்டிப்போட்டேன்" என்றார், பெருமையாக.

"கழட்டுங்ண்ணா!"

"கழட்டுனா மருந்து பூராவும் ஓடிருமுங்க!"

நான் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். டியூபை வெட்டி, அவரை மொபெட்டில் ஏற்றி, வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா என்னைவிட அதிகம் திட்டினார். "ஏனுங்க, வயித்துல இருந்து காலுக்குத் தனி வாய்க்காலா வெட்டி வெச்சிருக்குது? மாத்திரை கரைஞ்சு, குடல் வழியா ரத்தத்துல கலக்குமுங்க. ரத்தம் தலைக்கும் போகும், காலுக்கும் போகும். கூடவே மருந்தும் போகும். கிருமி எங்க இருக்குதோ அங்க புடிச்சுக்கும். நீங்க ரத்தத்தையே கட்டிப்போட்டீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் உட்டிருந்தா காலையே எடுத்திருக்கோணும்!"

மடைக்காரர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப, மடையவே அடைச்சுப்போட்டனுங்களா, அம்மணி?"

"ஆமாங்க. கல்லீரல் மருந்தை உடைச்சுக்கிட்டே இருக்கும், சிறுநீரகம் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதனாலதான் வேளைக்கு வேளை. மொத்தமா முழுங்குனா அப்போதைக்கு அதிகம், அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம்."

"ஒரே நாள்ல கெணத்தையே எறைச்சு ஊத்துனாப்புல" என்று மடைக்காரர் தனக்குத்தானே முனகினார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த சரசக்கா அவரைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கால் பிழைத்தது. மனிதர் திருந்தினாரா? திருந்தினால் அவர் மடைக்காரரா? அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் கிளம்பிவிட்டார்! எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாதாம். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளை நிறுத்தி சாக்ஸை இறக்கிவிடுவார். பஸ் கண்டக்டரிடம், "பெல்ட்டக் கொஞ்சம் தளத்துங்க, ரத்தம் ஓடோணுமில்லீங்க?" என்று கேட்டு, நன்றாகத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதில் எது மண்டையில் ஏறியது பாருங்கள்!

எனக்குக் காய்ச்சல் வந்தபோது நொண்டிக்கொண்டே வந்தார். வேளை தவறாமல் வந்தார். மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வாரு கெட்டியா இருக்குதுங்க தம்பி."

"இதுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லீங்ண்ணா!" என்று படுத்தபடியே கத்தினேன்.

"இருக்கட்டுங்க" என்றார்.

இப்போது அவர் இல்லை. கடிகார வாருக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காய்ச்சல் வந்தால், கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன்.