நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது பற்றி

மிதக்கும் பள்ளி,
கம்போங் ச்னாங், கம்போடியா.

மதிப்பிற்குரிய பாடநூல் பதிப்பாசிரியர் வண்ணாரித் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தரையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தண்ணீரில் நாங்கள் நலம்.

ஆறாம் வகுப்புக்கு நான் எழுதிய ‘நம் நாடு: ஒரு பார்வை’ பாடத்தின் அச்சுப்படி நூடுல்ஸ் விற்கும் படகில் வந்தது. மழைக்காலம் வருகிறதே என்று போன வாரம்தான் எங்கள் மிதக்கும் வீட்டை இழுத்து இடம் மாற்றியிருந்தோம். ஏரிப் பக்கமிருந்த பழைய இடத்தில் இப்போது சவுன் அத்தையின் பன்றிக்கொட்டகை மிதக்கிறது, படகுக்காரி அச்சுப்படியை அங்கே கொடுத்துவிட்டாள். அத்தை அக்கம்பக்கத்தைக் கூட்டி முழுவதையும் உரக்கப் படித்திருக்கிறார். அங்கோர் கோயிலுக்கு இரண்டு பக்கம், அதற்குப் பிந்தைய அறுநூறு ஆண்டுகளுக்கு ஒரே வரி என்று தாங்கள் வெட்டியிருப்பதைக் கேட்டு, “அத்தனை வருஷமும் நாம தூங்கினோமாக்கும்” என்றார் என் கணவர் சொத்தியா. பண்பாட்டுப் பகுதியில் நடனப் பெண்ணின் படம் இருக்கிறது, பிரகோக் இல்லை. “மீனைப் புளிக்கவச்சுத் திங்காம எவ ஆடுவா? பசி வயித்தோட விரலை அப்படி வளைக்க முடியுமா?” என்று கேட்கிறார் அத்தை.

இவற்றை விட்டுவிடலாம். விட முடியாதது ஒரு வாக்கியம். தொன்லே சாப் நதி பாதி ஆண்டு கடலை நோக்கி ஓடும், மேக்கோங் பெருகியதும் திரும்பி ஏரியை நோக்கி ஓடும் என்று எழுதியிருந்தேன். ஒரு நதிக்கு ஒரு திசைதான், இரண்டுக்கு இடமில்லை, ஒன்றைத் தேர்ந்து கையெழுத்திட்டு இன்றைய படகில் அனுப்புங்கள் என்கிறீர்கள். என் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே புத்தகம் மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். இதில் பொய் என்றால், பிறகு அவர்கள் வாய்ப்பாட்டையும் நம்ப மாட்டார்கள். ஆகவே கண்ணெதிரே உள்ளதையே சொல்வதென்று முடிவு செய்தேன். கடலை நோக்கி.

எழுத உட்கார்ந்தபோது அத்தை படகில் வந்தார். “டீச்சரம்மா, தண்ணி திரும்பலாமான்னு யோசிக்குது. வீட்டுக் கயித்த அந்தப் பக்கம் மாத்திக் கட்டுங்க.”

“இன்னும் ஒரு வாரமாவது ஆகும் அத்தை. நான் இதப் படிச்சவ.”

“நீங்க படிச்சது தண்ணிக்குத் தெரியுமா?”

நிரூபிப்பதற்காக ஒரு கொட்டாங்கச்சியை ஆற்றில் போட்டேன். அது எங்கும் போகாமல் ஜன்னலடியிலேயே சுற்றியது. “அதுவும் கையெழுத்துப் போட யோசிக்குது” என்றார் சொத்தியா. வெறும் சுழல் என்று நான் முடிவுக்கு வந்தேன். ஒரு கொட்டாங்கச்சிக்காகப் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது.

எனவே ‘நதி கடலை நோக்கி ஓடுகிறது’ என்றே அச்சிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகம் சிறிதும் இல்லை.

தங்கள் குடும்பத்தாருக்கு நல்ல மழையும் ஒழுகாத கூரையும் வாய்க்கட்டும்.

உண்மையுள்ள,
கெம் சொபானி, ஆசிரியை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கயிறு அவிழ்ந்து, நானும் மேசையும் வீடுமாக ஏரியை நோக்கிப் போய், பன்றிக்கொட்டகையில் முட்டி நிற்கிறோம். “வாங்க டீச்சரம்மா, கடலுக்கா கிளம்பிட்டீங்க?” என்கிறார் அத்தை. மேலே எழுதியதை அடித்துவிட்டு ‘ஏரியை நோக்கி’ என்று போடுங்கள். நதி மறுபடி கடல் பக்கம் திரும்பும் நவம்பரில் மறுபதிப்பு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தையைக் கேட்டு எழுதுகிறேன்.